கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து ஷூ வாங்கலாமா?

3 ஜூன் 2025 (கேள்வி, உச்சிப்புளியிலிருந்து)

அண்ணே, போலீஸ் உடல்தகுதி ஓட்டத்துக்குப் பழகிக்கொண்டிருக்கிறேன். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்கணும். இப்போதைக்கு ஏழேகால் ஆகிறது. பத்து நாளாக வலது முழங்கால் வலி. ராமநாதபுரத்தில் ஒரு கடையில் இட்லி மாதிரி அமுங்குகிற ஷூ காட்டினார்கள், நாலாயிரத்துச் சொச்சம். எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ அவ்வளவுக்கு முழங்காலுக்கு நல்லது என்கிறார் கடைக்காரர். எங்கள் மாமாவோ, ‘ஷூவே வேண்டாம், கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஓடு’ என்கிறார். யார் சொல்வது சரி?

3 ஜூன், இரவு

இரண்டு பேரும் பாதி பாதி. முதலில் கடைக்காரர்.

கட்டைவிரலால் அமுக்கினால் சில கிலோ அழுத்தம் விழும், அவ்வளவுதான். நீ ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. உன் எடை 60 கிலோ என்றால் 150 கிலோ என்று வைத்துக்கொள். அதுவும் கால் வினாடிக்குள். 1500 மீட்டருக்கு ஏறத்தாழ 1,250 அடி வைப்பாய். கட்டைவிரலுக்கே குழைந்துகொடுக்கிற நுரை, இந்த எடைக்கு அடிவரை அமுங்கி நின்றுவிடும். அதற்கப்புறம் அது மெத்தை கிடையாது, நசுங்கிய அட்டை.

நான் சொல்வது கேள்விஞானம் இல்லை. ஆறு வருஷம் ஆம்பூர்ப் பக்கம் ஷூ பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மிட்சோல் (ஷூவின் நடு அடி) அச்சுப் பிரிவில் இருந்தேன். இப்போது ஊர்ப் பக்கம் வந்து பிள்ளைகளுக்கு விசில் ஊதுகிறேன். கெட்டியான ஷூவாகப் பார்த்து வாங்கு. இதுதான் என் பதில்.

4 ஜூன்

நேற்று எழுதியதில் கோபம் கொஞ்சம் தெரிகிறது என்று இதைப் படித்த தொண்டிக்காரர் ஒருவர் சொல்கிறார். தெரியும்தான். காரணம் சொல்கிறேன்.

அம்மா தங்கச்சிமடத்தில் கடல்பாசி எடுக்கிறவர். மரிக்கொழுந்துப் பாசி. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் பழைய ரப்பர் செருப்பை டியூப் வாரால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கடலுக்குள் இருக்கும் பாறைத்திட்டான பார் மேல் நின்று நாற்பது வருஷம். குதிகால் வலி. காலையில் படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது ‘ஆத்தே’ என்று ஒரு சத்தம் வரும். நான் சம்பாதிக்கிற மகன் அல்லவா, பஞ்சு மாதிரி ஒரு ஓட்டப்பந்தய ஷூ வாங்கிக்கொடுத்தேன். குதிகாலில் நாலு சென்டிமீட்டர் உயரம், அடி குறுகல். அம்மா அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போய், ஒரு கருங்கல் ஜல்லி மேல் கால் வைத்து, கணுக்கால் பிசகி மூன்று வாரம் படுத்திருந்தார். ‘நீ வாங்கிக் குடுத்தது செருப்பா, கட்டுமரமா?’ என்று கேட்டார். இன்னும் கேட்கிறார்.

உயரமும் மென்மையும் சேர்ந்தால் கால் பக்கவாட்டில் ஆடும். நாற்பது வருஷம் தரையைத் தொட்டுப் பழகிய காலுக்குத் தரை எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் போகும்.

6 ஜூன்

மிட்சோல் எப்படிச் செய்கிறார்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும்.

ஷூவின் மேல்துணிக்கும் தரையைத் தொடும் ரப்பருக்கும் நடுவில் இருக்கிறதே, அதுதான் மிட்சோல். பெரும்பாலான ஷூக்களில் அது ஈ.வி.ஏ. நுரை. எத்திலீனும் வினைல் அசிட்டேட்டும் சேர்ந்த பிளாஸ்டிக். ஓட்டக் காலணிகளுக்குள் இது நுழைந்தது 1970-களின் நடுவில். மணிமணியாக வரும் பிளாஸ்டிக்கோடு வாயு உண்டாக்கும் தூளையும், பின்னிப் பிணைக்கும் பெராக்சைடையும் கலந்து அச்சில் போட்டு 170 டிகிரிக்கு மேல் சூடாக்கி அழுத்துவோம். உள்ளே வாயு உருவாகும், வெளியேற வழி இருக்காது. நேரம் முடிந்து அச்சைத் திறந்த கணத்தில் ‘டப்’பென்று துள்ளி வெளியே வரும், அச்சைவிடப் பெரிதாக. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் பயந்து பின்வாங்குவார்கள், நாங்கள் சிரிப்போம். அதை மறுபடி இன்னொரு அச்சில் சூட்டோடு அழுத்தி, அங்கேயே குளிரவைத்தால் கடையில் பார்க்கிற உருவம்.

ஒவ்வொரு குமிழியும் தனித்தனியே மூடிய அறை. மிதிக்கும்போது அறை நசுங்குகிறது, காற்று அமுங்குகிறது, காலை எடுத்ததும் நிமிர்கிறது. ஆயிரக்கணக்கான முறை நடந்தால் சுவர்கள் சோர்ந்துபோகும். ஷூவின் ஓரத்தில் சுருக்கங்கள் நிரந்தரமாக விழுந்திருந்தால் அது அந்தச் சோர்வு. மேல்துணி புதுசாக இருக்கும், உள்ளே ஆள் செத்திருப்பான்.

இதற்கப்புறம் வந்தவையும் உண்டு. நாசாவில் வேலை பார்த்த ஃபிராங்க் ரூடி என்ற பொறியாளரின் யோசனையில் காற்றுப்பை வந்தது, 1970-களின் கடைசியில். 2013-ல் பொரி உருண்டை மாதிரி, டி.பி.யு. என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக் மணிகளை ஒட்டவைத்த நுரை. 2017-ல் பெபா என்ற இன்னும் லேசான நுரையோடு நடுவில் கரிநார் (கார்பன் ஃபைபர்) தகடு வைத்த பந்தய ஷூ. 2019 அக்டோபரில் வியன்னாவில் கென்யாவின் கிப்சோகே 1:59:40-ல் மாரத்தான் தூரத்தை ஓடியது அந்த வம்சத்து ஷூவில்தான். அதிகாரப்பூர்வ சாதனைக் கணக்கில் அது வராது. அடுத்த வருஷமே சாலை ஓட்டத்துக்கு 40 மில்லிமீட்டர் கனம்தான் உச்சம், ஒரு தகடுக்கு மேல் கூடாது என்று விதி வந்துவிட்டது. தம்பி, உனக்கு அது வேண்டாம். விலையைப் பார்த்தாலே முழங்கால் வலி மறந்துபோகும்.

6 ஜூன், பத்து நிமிடம் கழித்து

பொரி உருண்டை என்று எழுதியதும் பசிக்கிறது. நிற்க.

11 ஜூன்

மாமா விஷயம்.

மணல் மெத்தை என்பது உண்மை, ஆனால் திருப்பித் தராத மெத்தை. நுரை வாங்கியதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கும். மணல் வாங்கினால் வாங்கியதுதான், எங்கள் ஊர்ச் சீட்டுக்காரர் மாதிரி. இதை ஆய்வாளர்கள் அளந்தே இருக்கிறார்கள், 1998-ல் வெளியான ஆய்வு: உதிரி மணலில் ஓட, கெட்டித் தரையைவிட 1.6 மடங்கு சக்தி செலவாகிறது. நடப்பதற்கு இரண்டு மடங்குக்கும் மேல். தனுஷ்கோடிப் பக்கம் தார் ரோட்டை விட்டு இறங்கி நூறு மீட்டர் நடந்தவர்களுக்கு இந்தக் கணக்கு கெண்டைக்காலில் எழுதியிருக்கும்.

வெறுங்கால் கெட்டது என்று சொல்லவில்லை. 1960-ல் ரோமில் அபெபே பிகிலா வெறுங்காலோடு மாரத்தானை ஜெயித்தார். நம் நாட்டில் சிவ்நாத் சிங் வெறுங்காலோடு ஓடிப் பழகியவர். 1978-ல் ஜலந்தரில் அவர் வைத்த 2 மணி 12 நிமிடம் என்ற தேசிய சாதனை நாற்பது வருஷத்துக்கு மேல் அசையவில்லை. ஆனால் பிகிலா 1964-ல் டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டும் ஜெயித்தார் என்பதை மாமாக்கள் சொல்வதில்லை.

வெறுங்காலோடு ஓடுகிறவன் குதிகாலை இடித்து இறங்க மாட்டான், முன்பாதத்தில் இறங்குவான். இடி குறையும். அந்தச் சுமை எங்கேயும் காணாமல் போகாது, கெண்டைக்காலுக்கும் குதிநரம்புக்கும் போய்ச் சேரும். பழக்கமில்லாதவன் ஒரே வாரத்தில் மாறினால் முழங்கால் வலி போய்க் கெண்டைக்கால் வலி வரும்.

தண்ணீர் வற்றும்போது அலையோரத்தில் இறுகிக் கிடக்கும் ஈர மணலில் ஓடு. அதுதான் நல்ல தரை.

12 ஜூன்

மேலே கடைசி இரண்டு வரியையும் அடித்துவிடுங்கள். இன்று காலை நானே ஓடிப்பார்த்தேன். அலையோரம் சரிவு. போகும்போது வலது கால் கீழே, இடது கால் மேலே. ஒரே பக்கமாக மூன்று கிலோமீட்டர் போனதில் இடுப்பு கோணிவிட்டது. போன தூரம் அதே சரிவில் திரும்பி வந்தால் கால் மாறும், ஆனால் கச்சான் காற்று எதிரே அடித்தால் திரும்பி வருவது பெரும்பாடு. பள்ளி மைதானத்துச் செம்மண்ணே மேல். உனக்கு உடல்தகுதித் தேர்வும் மண் தரையில்தானே நடக்கும்.

22 ஜூன்

ஒரு திருத்தம், சின்னதில்லை.

முதல் நாள் ‘கெட்டியான ஷூவாக வாங்கு’ என்று அடித்துச் சொன்னேன். மண்டபத்துப் பிசியோதெரபி நண்பர் ஒருவர் தனியாக எழுதி என்னை உட்காரவைத்துவிட்டார். லக்ஸம்பர்க்கில் 800-க்கு மேற்பட்ட சாதாரண ஓட்டக்காரர்களுக்கு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஷூவைச் சிலருக்கு மெத்தையாகவும் சிலருக்குக் கெட்டியாகவும் கொடுத்து ஆறு மாதம் கவனித்திருக்கிறார்கள். 2020-ல் வெளியானது. கெட்டி ஷூ போட்டவர்களுக்குத்தான் காயம் அதிகம், ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதிலும் எடை குறைந்தவர்களுக்கு வித்தியாசம் இன்னும் கூடுதல்.

60 கிலோ தம்பிக்கு நான் கொடுத்த யோசனை தலைகீழ். அம்மாவின் கணுக்காலை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

சரி, எது மிஞ்சுகிறது? அடிவரை நசுங்கிப் போகிற நுரை கூடாது என்பது நிற்கும். உயரமாகவும் குறுகலாகவும் இருந்து ஆடுகிற ஷூ கூடாது என்பதும் நிற்கும். ‘கெட்டியாக’ என்ற சொல்லை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மெத்தை இருக்கட்டும், அது அகலமான அடியின் மேல் இருக்கட்டும். கடையில் ஷூவைப் போட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் நில், கண்ணை மூடு, பத்து எண்ணு. வெறுங்காலில் நிற்பதைவிட அதிகம் தள்ளாடினால் பெட்டியில் திருப்பி வை.

23 ஜூன்

‘தாங்கல்’ என்றால் என்ன என்று தொண்டிக்காரர் விடாமல் கேட்கிறார். கடைக்காரர்கள் உள்வளைவுக்குக் கீழே ஒரு மேட்டைக் காட்டி இதுதான் சப்போர்ட் என்பார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை போய்விட்டது. ஈரக்காலைச் சிமெண்டுத் தரையில் வைத்து, தடத்தைப் பார்த்து, தட்டைப் பாதத்துக்கு இந்த ஷூ, வளைந்த பாதத்துக்கு அந்த ஷூ என்று பிரிப்பார்களே, அமெரிக்கப் படைகளின் பயிற்சி முகாம்களில் அதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். பாத வடிவம் பார்த்து ஷூ கொடுத்தவர்களுக்கும், எல்லாருக்கும் ஒரே ஷூ கொடுத்தவர்களுக்கும் காயத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

தாங்கல் என்று நான் பார்ப்பது மூன்று இடம். குதிகாலைச் சுற்றிப் பின்னால் இருக்கும் கெட்டித் தொட்டி, அமுக்கினால் மடங்கக் கூடாது. ஷூவை மடக்கினால் விரல் முடிச்சில் வளையணும், நட்டநடுவில் மடிந்தால் வேண்டாம். மூன்றாவதுதான் முக்கியம், நம் ஊரில் யாரும் பார்க்காதது: முன்பக்க அகலம்.

நாமெல்லாம் செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்தவர்கள். விரல் விரிந்த கால். ஷூவோ வெள்ளைக்காரன் கால் அச்சில் செய்தது. தொழிற்சாலையில் அந்த அச்சுகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள், ஒன்றில்கூட என் காலைப் பார்த்ததில்லை. சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் காலை அளந்து, ‘பா’ என்ற பெயரில் இந்திய அளவு முறை ஒன்றைத் தயாரித்திருக்கிறது. நம் கால் அகலம் என்பது அந்த அளவெடுப்பிலும் தெரிந்தது. குறுகலாக இருக்கிறதே என்று ஒரு நம்பர் கூட்டி வாங்குகிறோம். அகலம் சரியாகும், நீளம் கூடிவிடும். குதிகால் கழன்று கழன்று ஏறும், ஷூ வளைகிற இடமும் கால் வளைகிற இடமும் தப்பிப்போகும். தம்பி, நீ என்ன நம்பர் போடுகிறாய், காலை அளந்திருக்கிறாயா?

(இன்னொன்று. 1992-ல் வெளியான ஒரு கர்நாடக ஆய்வு, 2,300 பிள்ளைகள். ஷூ போட்டு வளர்ந்தவர்களில் தட்டைப் பாதம் 8.6 சதவீதம், வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8. மாமாவிடம் சொல்லாதே, பிடித்துக்கொள்வார்.)

9 ஜூலை

தம்பி அளந்துவிட்டான். ஒன்பது நம்பர் போட்டுக்கொண்டிருந்தவனின் கால் நீளத்துக்கு எட்டே போதும், அகலம்தான் பிடிக்கிறது. எட்டில் அகல வகை தேடச் சொல்லியிருக்கிறேன்.

இதற்கிடையில் வேறு கதை. ‘ஷூவுக்குள் திடீரென்று குத்துகிறது, கையை விட்டுத் தடவினால் ஒன்றும் இல்லை’ என்கிறான். சிரித்துவிட்டேன். இது நம் மாவட்டத்துக்கே உரிய வியாதி. சீமைக்கருவேல முள். வெளிநாட்டில் ஷூ வடிவமைக்கிறவன் மழையை யோசிப்பான், பனியை யோசிப்பான், இந்த முள்ளை யோசிக்க மாட்டான். எடை குறைக்கிறேன் என்று அடி ரப்பரை அங்கங்கே வெட்டி எடுத்து, நுரையை நேரடியாகத் தரையில் விட்டிருப்பான். முள் அந்தச் சந்தில் ஏறும், வெளியே இருப்பது ஒடிந்துவிடும், நுனி நுரைக்குள் தங்கும். கனமான நுரை என்பதால் அன்றைக்குத் தெரியாது. ஒவ்வொரு அடிக்கும் நுரை அமுங்க அமுங்க நுனி கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். மூன்று வாரம் கழித்து, நீ நன்றாக ஓடுகிற ஒரு நாளில், வணக்கம் சொல்லும்.

இன்சோலை உருவி, வெளிச்சத்தில் பார்த்து, ஊக்கால் கிளறி எடு. என் ஷூவுக்கு அம்மா தாலிச்சரட்டில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். கொடுக்கும்போது கட்டுமரத்தை மறுபடி நினைவுபடுத்தினார்.

10 ஜூலை

முள் ஏறாமல் இருக்க அடி முழுக்க ரப்பர் உள்ள ஷூ வாங்கினால் எடை கூடாதா என்கிறீர்கள். ஆமாம், கூடும். ஒரு முள்ளின் எடையைவிட அது குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

27 ஜூலை

இன்று கலாம் ஐயா நினைவு நாள். பேய்க்கரும்பில் அவர் நினைவிடத்துப் பக்கம் கூட்டம், பஸ் ஒரு மணி நேரம் நின்றது. நின்ற பஸ்ஸில் யோசித்தது.

எடை என்றதும் கலாம் ஐயா செய்த கால் தாங்கி நினைவுக்கு வந்தது. ஏவுகணைக்காக உருவாக்கிய எடை குறைந்த பொருளை ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனத்து எலும்பு மருத்துவர் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்தார். போலியோ பாதித்த பிள்ளைகள் மூன்று கிலோ இரும்புத் தாங்கியை இழுத்துக்கொண்டு நடப்பதை அவர் காட்ட, அதை 300 கிராமுக்குக் கொண்டுவந்தார்கள். தாங்கல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதில் மெத்தையே கிடையாது. காலைச் சரியான இடத்தில் பிடித்து நிறுத்துகிறது, பிடிக்கிற பொருளின் எடை பிள்ளைக்குத் தெரிவதில்லை. ராமேஸ்வரத்துக்காரர் செய்தது என்பதால் சொல்லவில்லை. சரி, அதனாலும்தான்.

28 ஜூலை

பாம்பன்காரர் கேட்கிறார், நம் கடலுக்கும் ஷூவுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று. நம் கடலுக்கு இல்லை, ஜப்பான் கடலுக்கு உண்டு. கோபேயில் ஒனிட்சுகா என்பவர் 1949-ல் ஷூ நிறுவனம் தொடங்கினார், இன்றைய ஆசிக்ஸின் மூலம் அதுதான். கூடைப்பந்து ஷூ வழுக்குகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் சாப்பாட்டில் இருந்த பேய்க்கணவாயின் (ஆக்டோபஸ்) காலில் உறிஞ்சிகளைப் பார்த்து, அதேபோல் குழிவான அடியைச் செய்தாராம். முதலில் செய்தது பிடித்த பிடியில் ஆட்டக்காரர்கள் தடுக்கி விழுந்தார்களாம், பிறகு குழியின் ஆழத்தைக் குறைத்தார். நாம் எத்தனை கணவாயைத் தின்றிருப்போம், ஒரு செருப்பாவது செய்தோமா?

18 ஆகஸ்ட்

இதை எழுதக் கூச்சம். ஆனாலும் தேவைப்படும்.

சிங்கப்பூரிலிருந்து சின்ன மாமா கொண்டுவந்த ஷூ. நல்ல நாளைக்குப் போடலாம் என்று பீரோவில், பெட்டிக்குள், அந்துருண்டை போட்டு ஏழு வருஷம் வைத்திருந்தேன். சுதந்திர தின அணிவகுப்பில் முன்னால் போட்டுக்கொண்டு போனேன். பாதித் தூரத்தில் இடது அடி தரையிலேயே நின்றுவிட்டது. நான் போய்க்கொண்டிருந்தேன். அப்புறம் வலதும். கொடிக்கம்பம் வரை மேல்துணியோடு நடந்து சல்யூட் அடித்தேன். பின்னால் எட்டாம் வகுப்பு ஒழுங்காகச் சிரித்தது.

அந்த மிட்சோல் பாலியூரித்தேன். ஈ.வி.ஏ.வைவிட நீண்ட நாள் சோராத நுரை என்று பெயர். ஆனால் அதில் ஒரு வகைக்குக் காற்றின் ஈரம் எமன். ஈரம் உள்ளே போய் மூலக்கூறுச் சங்கிலியைத் துண்டு துண்டாக அறுக்கும், போட்டாலும் போடாவிட்டாலும். எடுத்துத் தொட்டால் பழைய புட்டு மாதிரி உதிரும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று வெளிநாட்டுச் சாமான் பீரோவில் தூங்குகிற ஊர்களுக்கெல்லாம் சொல்கிறேன்: பத்திரப்படுத்தாதீர்கள், போட்டுத் தேயுங்கள்.

ஈ.வி.ஏ.வுக்கு ஈரம் ஒன்றும் செய்யாது. அதற்கு வெயில்தான் ஆகாது. துவைத்துத் தகரக் கூரையில் காயவைத்தால் சுருங்கும், என் மகனின் ஷூ ஒரே மதியத்தில் தம்பிக்காரனுக்குச் சரியாகிவிட்டது. உள்ளே பழைய பேப்பரைத் திணித்து நிழலில் காற்றாட வை. கடல் தண்ணீர் பட்டால் முதலில் நல்ல தண்ணீரில் அலசு, உப்பு தையலை அறுக்கும்.

5 அக்டோபர்

அம்மாவின் குதிகால் என்ன ஆனது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கடைசியில் தீர்த்தது ராமநாதபுரத்தில் வாங்கிய எம்.சி.ஆர். செருப்பு. நுண்ணறை ரப்பர். நம் தமிழ்நாட்டில் அதற்கு வரலாறே இருக்கிறது: 1946-ல் வேலூர் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயில் மரத்துப்போன கால்களில் புண் வருவதற்குக் காரணம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம் என்று கண்டு, அதைப் பரப்பிவிட இந்த ரப்பரில் செருப்பு செய்யவைத்தார். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் அதுதான். மேலே மெத்தென்ற அடுக்கு, கீழே கெட்டியான அடி, உயரம் கம்மி, முன்னால் அகலம். ஜூன் மாதம் முழுக்க நான் சுற்றிச் சுற்றித் தேடியது அம்மாவின் வாசப்படியில் கிடக்கிறது.

பார் மேல் போக மட்டும் பழைய ரப்பர் செருப்புதான். இதைக் கடலில் நனைக்க அவருக்கு மனசு வரவில்லை.

2 நவம்பர்

தம்பி பழகும் ஓட்டத்தில் 6 நிமிடம் 48 வினாடிக்கு வந்துவிட்டான். ஷூவால்தான் என்று கடைக்காரர் சொல்வார், வெறுங்காலில் பழகியதால் என்று மாமா சொல்வார். மூன்று வாரம் ஓடாமல் இருந்தது, அப்புறம் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியது, எட்டு நம்பர் அகல ஷூ, இந்த மூன்றில் முழங்காலுக்கு எது உதவியது என்று என்னாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்றில் முதலாவதான ஓய்வுதான் என்று சந்தேகப்படுகிறேன்.

பழைய ஒன்பது நம்பரை என்ன செய்வது என்று கேட்டான். மேல்துணி கிழிந்தது, நுரை செத்தது. என்னிடம் கொடுத்தான். மச்சான் அதன் மிட்சோலைப் பிளேடால் அறுத்து, ஓட்டை போட்டு, வலைக்கு மிதவையாகக் கட்டியிருக்கிறார். துள்ளல்தான் போயிருக்கிறது, அறைகளுக்குள் இருக்கும் காற்று அப்படியே இருக்கிறது, நன்றாக மிதக்கிறதாம். யாரிடமாவது செத்த ஷூ இருந்தால் தங்கச்சிமடம் அனுப்புங்கள். பாலியூரித்தேன் வேண்டாம், அது தண்ணீரிலேயே உதிர்ந்துவிடும் என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன்.